16 வாரத்தில் சினைப்பைக் கட்டி ஆபரேஷன்: மயக்க மருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்குமா?

களக்காட்டுக்காரி | ஞாயிறு, இரவு 9.40

என் தங்கச்சிக்கு இப்போது 14 வாரம். வீரவநல்லூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். 12 வார ஸ்கேனில் வலது சினைப்பையில் 9 செ.மீ. கட்டி இருப்பது தெரிந்தது. டெர்மாய்டு (உள்ளே முடி, கொழுப்பு மாதிரி இருக்கிற கட்டி) மாதிரி இருக்கிறது, 16 வாரம் ஆனதும் லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு, எடுத்துவிடுவோம் என்று வண்ணார்பேட்டையில் பார்க்கிற டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். முழு மயக்கம் கொடுப்பார்களாம்.

அன்றையிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பிள்ளைத்தாச்சிக்கு மயக்க ஊசி போட்டால் பிள்ளை மந்தமாய்ப் பிறக்கும் என்கிறாள் எங்கள் ஆச்சி. மாப்பிள்ளை வாட்ஸப்பில் வந்த ஒன்றைக் காட்டுகிறார்: அமெரிக்க மருந்துத் துறையே கர்ப்பிணிக்கு மயக்க மருந்து கூடாது என்று எச்சரித்திருக்கிறதாம். பிரசவம் முடியட்டும், சிசேரியன் ஆனால் அதோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று மாமியார் வீட்டில் முடிவே பண்ணிவிட்டார்கள். தங்கச்சி சாப்பிடாமல் அழுதுகொண்டு கிடக்கிறாள்.

அந்த எச்சரிக்கை நிஜமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெறியாளர் | ஞாயிறு, இரவு 9.55

ஸ்கேன் ரிப்போர்ட் படம், டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் எதுவும் போட வேண்டாம். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலித்தாலோ வாந்தி வந்தாலோ இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முக்கூடல் அண்ணாச்சி | ஞாயிறு, இரவு 10.30

நான் டாக்டர் இல்லை. ஆனால் தாலிடோமைடு கதை படித்திருக்கிறேன். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தூக்க மருந்து. பிள்ளைத்தாச்சிக்கும் பத்திரம் என்று சொல்லித்தான் விற்றார்கள். 1961இல் நிறுத்துவதற்குள் பத்தாயிரத்துக்கு மேல் குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்துவிட்டன. தூக்க மாத்திரைக்கே இந்தக் கதி என்றால், ஆளையே அசையாமல் போடுகிற மருந்து உள்ளே என்ன செய்யும்? ஆச்சி சொல்வதைச் சிரித்துத் தள்ள வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

டவுன் தேரடி | ஞாயிறு, இரவு 11.05

அண்ணாச்சி, நானே ஒரு சாட்சி. என் மூத்தவன் வயிற்றில் அஞ்சு மாசமாய் இருக்கும்போது எனக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். வாய்வு என்றார்கள், சூடு என்றார்கள், ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். காய்ச்சல் ஏறின பிறகுதான் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதுகில் ஊசி போட்டு, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். வெடிக்கிற நிலையில் இருந்ததாம். பையன் இப்போது மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு தலைகீழாய்ச் சொல்வான், சேட்டையும் அதே அளவு.

மயக்க மருந்தால் ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் உட்கார வைத்திருந்தார்களே, அந்த இரண்டு நாள்தான் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

மயக்க டாக்டர், பாளை | திங்கள், காலை 6.15

ராத்திரி டூட்டி முடித்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

களக்காட்டு அக்கா, முதலில் ஏன் 16 வாரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் உறுப்புகள் உருவாவது கருத்தரித்து மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் பத்தாவது வாரத்தோடு அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். இன்னொன்று, ஆரம்பத்தில் கருவைத் தாங்குகிற புரோஜெஸ்ட்ரோன் என்கிற ஹார்மோன் சுரப்பது, கருமுட்டை வெளியேறின பிறகு சினைப்பையில் உருவாகிற கார்பஸ் லூட்டியம் என்கிற பகுதியிலிருந்து. பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் அந்த வேலையை நஞ்சுக்கொடி எடுத்துக்கொள்ளும். அதற்கு அப்புறம் சினைப்பையில் கை வைத்தால் கரு ஆட்டம் காணாது. கட்டி சாதாரண நீர்க்கட்டியாக இருந்தால் அதற்குள் தானே கரைந்துவிடவும் வாய்ப்பு உண்டு. டெர்மாய்டு கரையாது. ஆபரேஷனுக்கு முன் இன்னொரு ஸ்கேன் எடுப்பார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் எடுப்பார்கள். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் உங்கள் டாக்டரம்மா 16 சொல்லியிருக்கிறார்கள்.

பிரசவத்தோடு எடுக்கலாமே என்றால், இந்த அளவுக் கட்டி முறுக்கிக்கொள்ளும். கர்ப்பப்பை இடுப்பிலிருந்து மேலே ஏறுகிற மாதங்களிலும், பிரசவம் ஆகி அது சுருங்குகிற நாட்களிலும் முறுக்க வாய்ப்பு அதிகம். முறுக்கினால் அர்த்தராத்திரியில், சாப்பிட்ட வயிற்றோடு, அவசர ஆபரேஷன். அப்போதும் இதே மயக்க மருந்துதான். ஆனால் தயாராய் நடக்கிற ஆபரேஷனில் இருக்கிற நிதானம் எனக்கும் இருக்காது, சர்ஜனுக்கும் இருக்காது.

சரி, மருந்துக்கு வருவோம். பிள்ளைக்குப் போகுமா? போகும். புரோபோஃபால், பென்டனில், செவோஃப்ளூரேன் எல்லாமே நஞ்சுக்கொடியைத் தாண்டுகிறவை. தாய் தூங்கும்போது பிள்ளையும் தூங்கும். மாதம் கூடிய கர்ப்பத்தில் பிள்ளையின் இதயத் துடிப்பு வரைபடம் எடுத்தால், அந்த நேரத்தில் துடிப்பின் ஏற்ற இறக்கம் குறைந்து கோடு தட்டையாகத் தெரியும். பார்த்துப் பதறுவார்கள். பிள்ளை தூங்குகிறது, அவ்வளவுதான். தாய்க்குத் தெளிந்தால் அதற்கும் தெளியும். தசையைத் தளர்த்துகிற வெக்குரோனியம், அட்ராகூரியம் போன்றவை பெரிய மூலக்கூறுகள், மின்னேற்றம் உள்ளவை. அவை மிகக் கொஞ்சமே அந்தப் பக்கம் போகும்.

ஊனம் வருமா? சுவீடனில் 1973 முதல் 1981 வரையிலான ஏழு லட்சத்து இருபதாயிரம் பிரசவங்களின் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 5,405 பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ஆபரேஷன் நடந்திருந்தது. முடிவு 1989இல் வந்தது. பிறவி ஊனம் கூடவில்லை, வயிற்றிலேயே இறந்து பிறப்பதும் கூடவில்லை. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளும், பிறந்து ஏழு நாளுக்குள் இறந்த குழந்தைகளும் அதிகமாக இருந்தன. அதை எந்த ஒரு மயக்க முறையோடும் முடிச்சுப் போட முடியவில்லை. ஆபரேஷன் வரை கொண்டுவந்த நோய்க்கு அதில் பங்கு இருக்கலாம் என்றார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019இல் சொன்னதும் இதையொட்டித்தான்: இப்போது புழக்கத்தில் இருக்கிற மயக்க மருந்து எதுவும், வழக்கமான அளவில், எந்த மாதத்திலும் மனிதக் கருவுக்கு ஊனம் உண்டாக்குவதாகக் காட்டப்படவில்லை. அவசியமான ஆபரேஷனை எந்த மாதமானாலும் மறுக்கக் கூடாது, தள்ளிப்போடக் கூடியதைப் பிரசவத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தியேட்டரில் நான் பயப்படுகிற விஷயம் வேறு. கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தம் தாயின் பிரஷரை நம்பியே ஓடுகிறது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இருக்கிற மாதிரி, பிரஷர் இறங்கினாலும் தன் பங்கைச் சமாளித்துக்கொள்கிற வசதி அதற்குக் கிடையாது. தாயின் பிரஷர் விழுந்தால் பிள்ளைக்குப் போகிற ரத்தமும் அப்படியே குறையும். அதோடு கர்ப்பிணிக்கு ஆக்சிஜன் செலவு சுமார் 20 சதவீதம் கூடுதல், நுரையீரலில் மிச்சம் பிடித்துவைக்கிற காற்றோ குறைவு. மூச்சு நின்றால் மற்றவர்களைவிட வேகமாக ஆக்சிஜன் இறங்கும். அதனால் தூங்க வைப்பதற்கு முன் முகமூடியில் நன்றாக ஆக்சிஜன் கொடுப்போம், மூச்சுக்குழாயில் டியூபை வேகமாகப் போடுவோம். லேப்ராஸ்கோப்பிக்கு வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவார்கள். அது தாயின் ரத்தத்தில் கூடினால் பிள்ளையின் ரத்தம் அமிலமாகும். ஆகவே அந்த எண்ணை விட்டுக் கண் எடுக்க மாட்டோம். ஒரு மணி நேரமும் என் கவனம் மானிட்டரில் இருக்கிற இந்த மூன்று எண்களில்தான். எந்த மருந்து என்கிற கேள்வி அதற்குப் பின்னால்தான் வரும்.

முக்கூடல் அண்ணாச்சி | திங்கள், காலை 8.20

டாக்டர், விவரமாக எழுதினீர்கள், சந்தோஷம். இரண்டு சந்தேகம் தீரவில்லை. சுவீடன் கணக்கு பிறக்கும்போது ஊனம் உண்டா என்று பார்த்தது. ஆச்சி சொல்கிற மந்தம் பிறக்கும்போது தெரியாதே, பள்ளிக்கூடம் போகும்போதல்லவா தெரியும்? அடுத்தது, தாலிடோமைடுக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை.

மயக்க டாக்டர், பாளை | திங்கள், மதியம் 2.30

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அண்ணாச்சி. மாப்பிள்ளை காட்டுகிற எச்சரிக்கையும் இதைப் பற்றியதுதான்.

தாலிடோமைடு முதலில். அது உறுப்பு உருவாகிற அந்தச் சில வாரங்களில் வாய்வழியாகச் சாப்பிட்ட மருந்து. அது வெளிவந்தபோது கர்ப்பிணிகளிடம் முறையான கண்காணிப்பே இல்லை. மயக்க மருந்துகளின் கதை வேறு. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் பிரசவத்தில் ஈதரும் குளோரோஃபார்மும் கொடுத்ததிலிருந்து கர்ப்பிணிகள் ஏதோ ஒரு மயக்க மருந்தைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சுவீடன் மாதிரி பதிவேடு வைத்துப் பார்க்கிற பழக்கம் பரவியதற்கே தாலிடோமைடு ஒரு காரணம். ஆக, நீங்கள் சொன்ன கதையால்தான் நான் எண்ணிக்கையோடு பேச முடிகிறது.

இப்போது மூளை. 2003இல் வந்த ஒரு ஆராய்ச்சியில், பிறந்து ஏழு நாளான எலிக்குஞ்சுகளுக்கு மிடாசோலாம், நைட்ரஸ் ஆக்சைடு, ஐசோஃப்ளூரேன் என்கிற மூன்று மயக்க மருந்துகளையும் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையில் செல்கள் செத்தன, வளர்ந்த பிறகு கற்கும் திறனும் குறைந்தது. அதற்கு அப்புறம் குரங்குகளிலும் இதுபோன்ற முடிவுகள் வந்தன. அதை வைத்து 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. அதில் இருப்பது இதுதான்: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கோ, கடைசி மூன்று மாதத்தில் இருக்கிற கர்ப்பிணிக்கோ, மூன்று மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ இந்த மருந்துகளைக் கொடுத்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். கர்ப்பிணிக்கு மயக்க மருந்தே கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. அவசியமான ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொன்னார்கள். வாட்ஸப்பில் அந்த வரி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடும்!

மனிதக் குழந்தைகளில் என்ன தெரிந்தது? 7 நாடுகளில் 28 ஆஸ்பத்திரிகளில், குடலிறக்க ஆபரேஷன் ஆகிற 722 கைக்குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குகிற முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு முழு மயக்கம், மறு பக்கத்துக்கு முதுகு ஊசி. ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்தார்கள், வித்தியாசம் இல்லை. 2019இல் முடிவு வந்தது. அங்கே முழு மயக்கம் ஒரு மணி நேரத்துக்குள்தான், அதையும் சொல்ல வேண்டும்.

அது பிறந்த குழந்தைதானே, வயிற்றுப் பிள்ளை இல்லையே என்பீர்கள். சரிதான். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் பல வருடம் பின்தொடர்ந்த 2,024 பிள்ளைகளில் 22 பேர் தாயின் வயிற்றில் இருக்கும்போது முழு மயக்கத்துக்கு ஆளானவர்கள். பத்து வயது வாக்கில், அடம், கோபம் போன்ற நடத்தைக் கணக்கில் அவர்களுக்கு மதிப்பெண் சற்றுக் கூடுதலாக வந்தது. 2021இல் வெளியானது. 22 பேரை வைத்து, அதுவும் தாய்க்கு இருந்த நோயா மருந்தா என்று பிரிக்க முடியாத இடத்தில், எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஒதுக்கவும் மாட்டேன். அதனால்தான் தேவையில்லாத ஆபரேஷனைக் கர்ப்பகாலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறோம். டெர்மாய்டு 9 செ.மீ. தேவையில்லாத கணக்கில் வராது.

வீரை மாப்பிள்ளை | திங்கள், இரவு 8.10

அந்த வாட்ஸப் மாப்பிள்ளை நான்தான். மதினி இந்த இழையை அனுப்பினார்கள். நான் பார்த்ததில் மூன்று மணி நேரம் என்கிற பேச்சே இல்லை. டாக்டர், முதுகில் ஊசி போட்டுச் செய்ய முடியாதா? பிள்ளைக்கு மருந்து போகாது என்கிறார்களே. அம்மா அதற்கும் பயப்படுகிறாள். காலம்பூரா முதுகுவலி வருமாம்.

மயக்க டாக்டர், பாளை | திங்கள், இரவு 10.45

நல்ல கேள்வி. முதுகு ஊசியில் போகிற பூபிவகைன் என்கிற மரத்துப்போக வைக்கிற மருந்து இரண்டு மூன்று மில்லிக்குள்தான். தாயின் ரத்தத்துக்கு வந்து பிள்ளையைச் சேருகிற பங்கு மிகச் சொற்பம். வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷன், குடல்வால், கரு கலையாமல் இருக்கப் போடுகிற கர்ப்பப்பை வாய்த் தையல் இதற்கெல்லாம் அதுதான் எங்கள் முதல் தேர்வு. அந்தத் தையலையே 1955இல் உலகத்துக்குச் சொன்னவர் நம் மும்பை டாக்டர் ஷிரோத்கர்தான்.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றை ஊதவைத்து, தலைப்பக்கத்தைத் தாழ்த்திப் படுக்க வைப்பார்கள். முழித்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு மூச்சு முட்டும், தோள்பட்டை வலிக்கும். அதனால் முழு மயக்கம் கொடுத்து, மூச்சை இயந்திரத்தில் வைத்துக்கொள்வது வசதி. திறந்து செய்வதா, துளை போட்டுச் செய்வதா என்று உங்கள் டாக்டரம்மாவிடமே கேளுங்கள். துளை போட்டால் பிற்பாடு வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம், வலி மருந்தும் குறைவாகவே வேண்டியிருக்கும்.

முதுகுவலிக்கு அந்த ஊசியைக் குற்றம் சொல்வது நம் ஊரில் பழகிப்போன பேச்சு. குத்தின இடத்தில் சில நாள் வலி இருக்கும். தலைவலி சிலருக்கு வரும், எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். அதற்கு வைத்தியம் உண்டு. பிள்ளை பெற்ற பிறகு வருகிற நாள்பட்ட இடுப்புவலி முதுகு ஊசி போடாதவர்களுக்கும் அதே அளவு வருகிறது.

தியேட்டர் சிஸ்டர் | செவ்வாய், காலை 5.50

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு 9 வாரம். ஆபரேஷன் தியேட்டரில்தான் வேலை. குழந்தைகளுக்கு முகமூடியில் கேஸ் கொடுக்கும்போது எனக்கே வாசம் வரும். நாள் முழுக்க அதைச் சுவாசிக்கிறேனே, பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா? சூப்பர்வைசரிடம் கேட்டால் எல்லோரும் வேலை பார்க்கவில்லையா என்கிறார்கள்.

மயக்க டாக்டர், பாளை | செவ்வாய், காலை 7.30

சிஸ்டர், உங்கள் கேள்வியை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. 1967இல் சோவியத் நாட்டில் மயக்க மருத்துவர்களிடம் எடுத்த ஒரு கணக்கில் 31 கர்ப்பங்களில் 18 கலைந்திருந்தன. அந்தக் காலத்தில் ஈதர், காற்றோட்டம் இல்லாத அறை, ஓய்வில்லாத வேலை எல்லாமே சேர்ந்திருந்தது. எது காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு அப்புறம்தான் கழிவு வாயுவை வெளியே உறிஞ்சுகிற குழாய் பல நாடுகளிலும் பேச்சுக்கு வந்தது. நைட்ரஸ் ஆக்சைடு வைட்டமின் பி12ஐச் செயலிழக்கச் செய்யும், எலிகளில் அதிக அளவில் நீண்ட நேரம் கொடுத்தபோது ஊனமும் வந்தது. அதனால்தான் கர்ப்பிணிக்கு, அதுவும் முதல் மூன்று மாதத்தில், நாங்கள் பலரும் அதைத் தவிர்த்துவிடுகிறோம். தியேட்டர் காற்றில் அது பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை.

உங்கள் தியேட்டரில் கழிவு வாயுக் குழாய் மெஷினில் மாட்டியிருக்கிறதா, அது வெளியே போகிறதா, ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளுக்கு முகமூடி வைத்துத் தூங்க வைக்கிற ஆபரேஷன்களில் உங்களைப் போடாமல் மாற்றிவிடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். எலும்பு ஆபரேஷனில் சி-ஆர்ம் எக்ஸ்ரே ஓடும்போது வெளியே வந்துவிடுங்கள், வாயுவைவிட எனக்கு அதில்தான் கவலை அதிகம். வாசம் வருகிறது என்றால் கசிகிறது என்று அர்த்தம். அது உங்களுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை, அந்த அறையில் நிற்கிற எல்லோருக்கும்தான்.

வள்ளியூர் பல் டாக்டர் | செவ்வாய், காலை 11.20

பல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அஞ்சு மாசக் கர்ப்பிணி கன்னம் வீங்கி வருவாள், கூட வந்த மாமியார் ஊசி மட்டும் போடாதீர்கள் என்பார். நாங்கள் போடுவது அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கிற 2 சதவீத லிக்னோகைன், 80,000க்கு 1 பங்கு அட்ரினலின் கலந்தது. கர்ப்பிணிக்குப் பல காலமாகக் கொடுத்துவருகிற மருந்து. சீழோடு பல்லை வைத்திருப்பதுதான் ஆபத்து. ஊசிக்குப் பயந்து கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். 20 வாரத்துக்கு மேல் அந்த ரக வலி மாத்திரைகள் பனிக்குட நீரைக் குறைக்கும், கடைசி மாதங்களில் பிள்ளையின் இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு ரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கிவிடும். பாராசிட்டமால் போதும். ஊசி பாவம், மாத்திரை புண்ணியம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

சேரன்மாதேவி | செவ்வாய், மாலை 4.00

டாக்டர், கர்ப்பம் என்றே தெரியாமல் கை எலும்பு முறிவுக்கு முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் ஆகிவிட்டது. அப்புறம் டெஸ்ட் பாசிட்டிவ். கலைத்துவிடு என்கிறார்கள். கணக்குப்படி ஆபரேஷன் அன்று கரு உண்டாகிப் பத்து நாள்தான் இருக்கும்.

மயக்க டாக்டர், பாளை | செவ்வாய், மாலை 6.40

மயக்க மருந்துக்காகக் கலைக்க வேண்டிய அவசியம் இல்லை அம்மா. முதல் இரண்டு வாரத்தில் ஏதாவது பெரிதாகப் பாதித்திருந்தால் கரு தங்கியே இருக்காது. தங்கிவிட்டால் பெரும்பாலும் பழுதில்லாமல் வளரும். ஃபோலிக் ஆசிட் போடுங்கள், 18 முதல் 20 வாரத்துக்குள் பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கிற அனாமலி ஸ்கேன் தவறாமல் எடுங்கள். எக்ஸ்ரே எத்தனை எடுத்தார்கள், என்னென்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டோடு மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள்.

களக்காட்டுக்காரி | செவ்வாய், இரவு 9.15

டாக்டர், வீட்டில் படித்துக் காட்டினேன். ஆச்சி கேட்டுவிட்டு, எல்லாம் சரி, தூங்கினவள் முழிப்பாளா என்று கேட்கிறாள். என் சித்தி ஒருத்தி கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு நெடுநேரம் மூச்சு எடுக்காமல் மெஷினில் கிடந்தாளாம். அந்தப் பயம்தான் ஆச்சிக்கு. வெள்ளிக்கிழமை மயக்க டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கொண்டு போக வேண்டும்?

மயக்க டாக்டர், பாளை | செவ்வாய், இரவு 10.30

அக்கா, ஆச்சி சொன்னதை வெள்ளிக்கிழமை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சக்சினைல்கோலின் என்று ஒரு மருந்து, டியூப் போடுவதற்காகத் தசையை நொடியில் தளர்த்தும், சில நிமிடத்தில் விட்டுவிடும். அதை உடைக்கிற நொதி சில குடும்பங்களில் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு வராது. மெஷினில் வைத்திருந்தால் தானே தெளிந்துவிடும், ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் அந்த மருந்தையே தொட மாட்டார்கள். ரத்தப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பத்தில் அந்த நொதி எல்லோருக்குமே கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும் என்பதால் இது முக்கியம். சித்தியின் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் கிடந்தால் தேடி எடுங்கள். சித்தி அம்மா வழியா அப்பா வழியா என்பதையும் சொல்லுங்கள்.

மற்றபடி பிக்மி நம்பர் (அரசாங்கத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்கிற எண்) உள்ள தாய் அட்டை, இரண்டு ஸ்கேனும், சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை. ஆடுகிற பல் இருந்தால் சொல்ல வேண்டும். ஆஸ்துமா, தைராய்டு, ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை இருந்தாலும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்து எழுதுவீர்களா என்று கேளுங்கள். எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்பதையும் வாயால் கேட்டுக்கொண்டு வராமல் சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டில் பாசத்தில் காலையில் ஒரு டம்ளர் பால் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் அன்றைய ஆபரேஷனே தள்ளிப்போகும்.

வீரை மாப்பிள்ளை | செவ்வாய், இரவு 10.50

பால் விஷயம் அம்மாவுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன் டாக்டர். சித்தி சீட்டைத் தேட நாளைக் காலையில் மதினியோடு நானும் களக்காட்டுக்குப் போகிறேன்.